திங்கட்கிழமை வயிறு

காலை பதினொரு மணிக்கு அந்த அறைக்குள் நடு இரவாக இருந்தது.

ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு, அதுவும் அழுது வடிந்துகொண்டிருந்தது. அத்தான் உள்ளே ஓர் எட்டு வைத்து, முழங்காலை ஒரு தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றார். இருட்டு கண்ணுக்குப் பழகிய பிறகுதான் சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் கூண்டுகள் தெரிந்தன. நாற்பது கூண்டு. கூண்டுக்கு ஒரு வெள்ளெலி. எல்லாம் பரபரவென்று ஓடுவதும் கொறிப்பதுமாக இருந்தன.

அத்தான் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மருந்துக் கம்பெனி ஒன்றுக்காக இருபத்திரண்டு வருடம் டாக்டர்களின் வாசலில் பையோடு காத்துக் கிடந்துவிட்டு, அது போதும் என்று மச்சினியின் துப்பறியும் நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். மச்சினி அத்தான் என்று கூப்பிட, தபால்காரரும் கூப்பிட, மாடியில் இருந்த பல் டாக்டரும் கூப்பிட, இப்போது வழக்கோடு வருகிறவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

மச்சினிக்குத் தராசு என்று பெயர். பதினெட்டு வருடம் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்தவள். எந்தக் கடைக்குப் போனாலும் கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு தராசு ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் வாயையே திறப்பாள். வேலை போன பிறகும் பெயர் போகவில்லை.

“எலிங்க இவ்வளவு சுறுசுறுப்பா இருக்கே, தூங்கவே தூங்காதா?” என்றார் அத்தான்.

“இதுங்களுக்கு இப்ப ராத்திரி சார்” என்றார் அவர்களை அழைத்து வந்து வாசலிலேயே நின்றுவிட்ட டாக்டர். முப்பத்தைந்து வயதுப் பெண். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காதது முகத்தில் தெரிந்தது.

விஷயத்தை டாக்டர் விளக்கினார். எலி இரவில் விழிக்கும் பிராணி. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களோ பகலில் விழிக்கும் பிராணிகள். அதனால் அறையின் நேரத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள். காலை ஒன்பதுக்கு விளக்கு அணையும், இரவு ஒன்பதுக்கு எரியும். தீனிப் பெட்டியின் மூடியும் அதே கணக்கில் தானாகத் திறந்து தானாக மூடும். இருட்டில் சாப்பாடு, வெளிச்சத்தில் பட்டினி. சிவப்பு விளக்கு எலிகளின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் அதற்கு மட்டும் விதிவிலக்கு.

இந்த எலிகளால்தான் டாக்டரின் தலை போகவிருந்தது. அன்று மாலை நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அவர் பொய்க் கணக்கு எழுதி ஆராய்ச்சி முடிவை ஜோடித்தாரா இல்லையா என்று அங்கே தீர்மானிப்பார்கள். ஜோடித்தார் என்று முடிவானால் ஆறு வருட உழைப்பு குப்பைக்குப் போகும். அதன் பிறகு எந்த ஆய்வுக்கூடமும் அவரைப் படியேற விடாது.

முந்தின நாளே தராசு கேட்டுத் தெரிந்துகொண்ட சங்கதியை அத்தான் தன் பாஷையில் குறித்து வைத்திருந்தார். உடம்பில் இருப்பது ஒரு கடிகாரம் அல்ல, ஊர்ப்பட்ட கடிகாரம். மூளையில் இருப்பது வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். கல்லீரலிலும் குடலிலும் இருப்பவை சாப்பாட்டு நேரத்தையும் பார்த்து ஓடும். குடலில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் ஷிஃப்ட் போட்டுத்தான் வேலை செய்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு கூட்டம் பெருகும், இன்னொரு நேரத்தில் அது ஒடுங்கி வேறொரு கூட்டம் தலை தூக்கும். எலியின் புழுக்கையை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துச் சோதித்தால் இந்த ஏற்ற இறக்கம் அலை அலையாகத் தெரியும். டாக்டர் கண்டுபிடித்தது இதற்கு அடுத்த படி. இந்த நுண்ணுயிர்கள் சுரக்கும் பொருட்கள் கல்லீரலுக்குப் போய் அங்கிருக்கும் கடிகாரத்தையே திருத்துகின்றன என்பது அவர் கட்சி. குடியிருக்க வந்தவன் வீட்டுக்காரனுக்கே மணி சொல்கிறான் என்று அத்தான் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தார்.

இது துணை இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. மூளைக் கடிகாரமே ராஜா, வயிறு வெறும் வேலைக்காரன் என்று பதினைந்து வருடமாகச் சொல்லிப் பேர் வாங்கியவர் அவர். டாக்டரின் முடிவை மறுபடி செய்து காட்ட வேண்டும், அதுவரை டாக்டர் எலி அறைக்குள் காலடி வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட வைத்தார். பத்து வாரம் மறுசோதனை நடந்தது. முதல் இரண்டு வாரம் அறை ஊழியர்கள் எடுத்துக் கொடுத்த புழுக்கையைச் சோதித்தவர் டாக்டர். அலை அழகாக வந்தது. பிறகு எட்டு வாரம் வெளியாள் ஒருவர் எடுத்து வேறோர் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். அலை படுத்துவிட்டது.

“அவங்க கைபட்டா அலை வருது, அடுத்தவன் கைபட்டா வரல. நான் குழுவில இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வேன்” என்றார் அத்தான், டாக்டர் காதில் விழாதபடி.

“அதனாலதான் உங்களைக் குழுவில போடல” என்றாள் தராசு.

யாரோ புழுக்கையை மாற்றிவிட்டார்கள் என்பது அத்தானின் கட்சி. அது அரை மணி நேரத்தில் கவிழ்ந்தது. வெளியாள் எடுத்த குப்பிகள் அத்தனையிலும் முத்திரை சரியாக இருந்தது. கதவில் அட்டை தேய்க்காமல் யாரும் உள்ளே வர முடியாது. வந்தவர்கள் எல்லாரும் வர வேண்டியவர்கள், வர வேண்டிய நேரத்தில் வந்தவர்கள்.

தராசு வேறு ஒன்றைக் கேட்டாள். தீனிப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சின்ன எடை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. எந்த எலி எந்த நாளில் எத்தனை கிராம் தின்றது என்பது கணினியில் தானாகப் பதிவாகும். அந்தப் பதிவை வாங்கி, வெளி அறை மேஜையில் உட்கார்ந்து, விரலால் வரி வரியாக ஓட்டிக்கொண்டே போனாள். அத்தானுக்குக் கொட்டாவி வந்தது. அதைத் தொடர்ந்து அவர் வயிறு பலமாக ஒரு சத்தம் போட்டது.

“காலையில சாப்பிடலையா?”

“சாப்பிட்டேன். ஆனா இன்னிக்கு திங்கட்கிழமை.”

திங்கட்கிழமைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தராசு கேட்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னார். வாரத்தில் ஐந்து நாள் அவர் மனைவி, அதாவது தராசின் அக்கா, மணி அடித்தாற்போல் சாப்பாடு போடுவாள். சனி ஞாயிறு அவளுக்கும் ஓய்வு, அவருக்கும் விடுதலை. பதினொரு மணிக்கு எழுந்திருப்பது, நாலு மணிக்கு மதியச் சாப்பாடு, படுக்கப் போகும் முன் ஒரு பொட்டலம் பிஸ்கட். இப்போதும் சட்டைப் பையில் இரண்டு இருந்தன. திங்கட்கிழமை வயிறு யாருடையது என்றே தெரியாது. வேண்டாத நேரத்தில் பசிக்கும், சாப்பிடுகிற நேரத்தில் மந்தமாக இருக்கும்.

தராசின் விரல் நின்றுவிட்டது.

“எப்ப சரியாகும்?”

“புதன்கிழமை கொஞ்சம் தேறும். வியாழக்கிழமை நான் பழைய மனுஷன்.”

அவள் டாக்டரைப் பார்த்தாள். “முதல் ரெண்டு வாரம் உங்களுக்கு எந்தக் கிழமை எடுத்துக் கொடுத்தாங்க?”

“வியாழன்.”

“வெளியாள் எடுத்தது?”

“திங்கள்” என்ற டாக்டர், சொன்ன வார்த்தையின் மேல் தானே தடுக்கி விழுந்தவர் மாதிரி நின்றார்.

தராசு பதிவைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். திங்களிலிருந்து வெள்ளி வரை ஒவ்வோர் எலியும் நாளுக்கு நாலு கிராம் தின்றிருந்தது. சனியும் ஞாயிறும் ஏறக்குறைய எல்லா வாரமும் மூன்றை எட்டவில்லை. எந்த எலியும் இளைக்கவும் இல்லை.

“வெளியில சாப்பிட்டுட்டு வந்தா வீட்ல சாப்பாடு குறையும்” என்றார் அத்தான். “என் குட்டும் வீட்ல இப்படித்தான் உடையும்.”

மறுபடி சிவப்பு விளக்கடிக்குப் போனார்கள். டாக்டர் வாசலிலேயே நின்றுகொண்டார், நிபந்தனை நிபந்தனைதான். தராசு கையுறை மாட்டி, ஒரு கூண்டைத் திறந்து, எலி கூடு கட்டியிருந்த பஞ்சை விரல் நுனியால் பிரித்தாள். அந்த வெளிச்சத்தில் எல்லாமே ஒரே நிறம். கண்ணை நம்பாமல் விரலை நம்பித் தடவிக்கொண்டே போனவள் எதையோ கிள்ளி எடுத்தாள். வெளியே வந்து வெள்ளை விளக்கில் உள்ளங்கையைத் திறந்தாள். கருப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தோல், நகத்துணுக்கு அளவு.

“சூரியகாந்தி விதை” என்றாள். “இதுங்க தீனியில இது கிடையாது இல்லையா?”

டாக்டர் தலையசைத்தார். அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது. சனி ஞாயிறு யார் உள்ளே வருகிறார்கள் என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பழைய நாட்களில் அந்த இரண்டு நாளும் டாக்டரே வந்து தண்ணீர் மாற்றுவார். அவருக்குத் தடை போட்ட பிறகு அந்த வேலை ஒரே ஒருவரிடம் போயிருந்தது.

எலி அண்ணன் என்று அந்தக் கட்டடம் முழுவதும் கூப்பிடும் பராமரிப்பாளர் பின்பக்கக் கழுவும் அறையில் தண்ணீர்ப் புட்டிகளை அலம்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக எலிகளோடு புழங்குகிறவர். தராசு எதுவும் பேசாமல் அந்தத் தோலை அவர் எதிரில் மேஜையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். மறைக்க நினைத்த மாதிரியே தெரியவில்லை.

காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தால் நாற்பதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மூடியிருக்கும் பெட்டியை முகர்ந்து முகர்ந்து பார்க்கும் என்றார் அவர். மற்ற நாளில் கூடவே நாலு பேர் இருப்பார்கள், மனசைக் கல்லாக்கிக்கொள்ளலாம். சனி ஞாயிறு தனியாக நிற்கும்போது முடியவில்லை. ஆளுக்குப் பத்து விதை போட்டுவிட்டுப் போவார். அவை பாதியை உடனே தின்னும், மீதியைப் பஞ்சுக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும்.

“பத்து விதையில என்னம்மா ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன். உங்க தலையில வந்து விழும்னு தெரியாது. நாலு மணிக்கு நானே வந்து சொல்றேன்.”

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். இத்தனை நாள் மூன்றாம் மாடியில், துணை இயக்குநரின் அறையில், எதிரியைத் தேடியவருக்கு, குடையை மறந்தால் கொண்டுவந்து கொடுக்கிற மனிதர் மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை போலிருந்தது.

“யாரையாவது கேட்டுட்டுச் செஞ்சீங்களா?” என்றாள் தராசு.

எலி அண்ணன் அலம்பி வைத்த புட்டியையே எடுத்து மறுபடி அலம்பினார். “இல்லம்மா. நானாத்தான்.”

வெளியே தாழ்வாரத்தில் அத்தான் வழக்கு முடிந்த நிம்மதியில் ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். தராசு நடந்துகொண்டே டாக்டரிடம் ஒன்று கேட்டாள். வியாழக்கிழமையாக இருந்ததைத் திங்கட்கிழமையாக மாற்றியது யார்? டாக்டர் கைபேசியில் தேடி ஒரு கடிதத்தைக் காட்டினார். துணை இயக்குநர் எழுதியது. மறுசோதனை தொடங்கி இரண்டு வாரம் முடிந்த திங்கட்கிழமைத் தேதி. இனிமேல் வெளியாள் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி, திங்கட்கிழமைகளில் மட்டுமே எடுக்க வேண்டும் என்று ஒரு வரி.

“வாரத்துக்கு ஏழு நாள்” என்றாள் தராசு. “இந்தாளு கையில மட்டும் சரியான சீட்டு வந்திருக்கு.”

அத்தான் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினார்.

நாலு மணிக்குக் கூட்ட அறையில் நீள மேஜையின் தலைமாட்டில் இயக்குநர் அம்மா உட்கார்ந்தார். அறுபதைத் தொட்டவர், சிரிப்பைச் செலவு செய்யாதவர். பக்கத்தில் துணை இயக்குநர், அப்புறம் குழு உறுப்பினர்கள். டாக்டருக்கு எதிர்ப்பக்கத்தில் தனி நாற்காலி. எலி அண்ணன் உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றார்.

தராசு பத்து நிமிடத்தில் கதையைச் சொன்னாள். எடைப் பதிவு, பஞ்சுக்குள் இருந்த தோல், சனி ஞாயிறு. எலி அண்ணன் ஆமாம் என்றார். எலிகள் பட்டினி கிடக்க வேண்டிய நேரத்தில் சாப்பிட்டதால் அவற்றின் குடலில் ஷிஃப்ட் குழம்பி, திங்கட்கிழமை அலை படுத்துக் கிடந்தது, வியாழனுக்குள் எழுந்து உட்கார்ந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார்.

துணை இயக்குநர் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார். டாக்டர் மேல் சொன்ன குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதில் தனக்கு மகிழ்ச்சிதான் என்றார். ஆனால் விதி மீறிய ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்றும், இன்றைக்கே வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். இப்படிப்பட்ட பொறுப்பில்லாத ஆட்களால்தான் அறிவியலுக்கே கெட்ட பெயர் என்றபோது கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு சந்தேகம் சார்” என்றாள் தராசு. “ஏன் திங்கட்கிழமை?”

“வார ஆரம்பம். வசதியா இருந்துச்சு.”

“சனி ஞாயிறு நடக்கிறது உங்களுக்குத் தெரியாது.”

“எப்படித் தெரியும்?”

தராசு மேற்கொண்டு கேட்கவில்லை. அவளிடம் கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பது அத்தானுக்குத் தெரியும். ஒரு தேதியைத் தவிர அவள் கையில் எதுவும் கிடையாது. அவள் துணை இயக்குநரைப் பார்க்காமல் கதவோரம் நின்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானும் பார்த்தார்.

எலி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“ஐயா, உங்களை இதுல இழுக்க வேணாம்னுதான் இருந்தேன்” என்றார். “நல்ல மனசோட சொன்னீங்க, உங்களுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதேன்னு மறைச்சேன். நீங்களே தெரியாதுங்கறீங்க.”

சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் நடந்து வந்து இயக்குநர் அம்மாவின் முன்னால் வைத்தார். அவர் அதைச் சத்தமாகப் படித்தார். மறுசோதனையின் இரண்டாவது சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு எலி அண்ணன் அனுப்பிய செய்தி: ஐயா, எலிங்க பசியில கம்பியைக் கடிக்குது, கொஞ்சம் விதை போடலாமா? ஏழு இருபத்தைந்துக்குப் பதில்: போடுங்க. சனி ஞாயிறு மட்டும். எழுதி வைக்க வேண்டாம்.

“இது இரக்கத்துல சொன்னது” என்றார் துணை இயக்குநர். “நானும் மனுஷன்தானே.”

“சரி” என்றார் இயக்குநர் அம்மா. “அந்த இரக்கத்தை இவ்வளவு நேரம் ஏன் சொல்லல? அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு திங்கட்கிழமைன்னு கடிதம் எழுதினதும் இரக்கமா?”

துணை இயக்குநர் தன் முன்னால் இருந்த காகிதங்களை ஓரம் சேர்த்து அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். எலி எப்போது சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்தில் டாக்டரை விட்டால் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது மேஜையைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வயிறு வெறும் வேலைக்காரன் என்று மேடைக்கு மேடை சொன்னவர், தன் சூழ்ச்சிக்கு அந்த வயிற்றைத்தான் நம்பியிருந்தார். அவரை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். அவர் போகும்போது எலி அண்ணன் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து பிடித்தார்.

அதோடு முடிந்தது என்று அத்தான் எழுந்திருக்கப் போனார். டாக்டர் எழுந்திருக்கவில்லை. வெளி ஆய்வுக்கூடத்து அறிக்கைகளை வரிசையாகப் பரப்பி வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“எட்டு திங்கள்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் ஏறி இறங்கியிருக்கு” என்றார். “நாலாவது திங்கள். கருவிப் பிழைன்னு எல்லாரும் ஒதுக்கிட்டோம், நானும்தான். அண்ணே, அந்த வாரம் விதை போடலையா?”

எலி அண்ணன் யோசித்தார். “நாலாவதா? அப்ப எனக்குக் காய்ச்சல்மா. மூணு நாள் படுத்துட்டேன். மாற்று ஆள் ஒருத்தரை அனுப்பினாங்க. அவருக்கு விதை விஷயம் தெரியாது.”

“அந்த சனி ஞாயிறு தீனி நாலு கிராம்” என்றாள் தராசு. “காலையிலேயே கண்ணுல பட்டுச்சு. ஏன்னு புரியல.”

டாக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்றுதான் அத்தான் நினைத்தார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். விதை போட்ட ஏழு வாரமும் அலை படுத்தது, போடாத ஒரே வாரம் எழுந்தது. யாரும் திட்டம் போடாமல், யாருக்கும் தெரியாமல், எந்த எதிரியும் குறை சொல்ல முடியாதபடி, அவர் சொன்ன அலை உண்மைதான் என்று எலி அண்ணனின் காய்ச்சல் நிரூபித்திருந்தது. ஆறு வருடத்தில் தானே ஒரு சோதனையை இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை என்றார் அவர்.

இயக்குநர் அம்மா அந்த ஒற்றை அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தார். எலி அண்ணன் செய்தது தப்புதான், அது பதிவில் இருக்கும், வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றார். கட்டுரையை டாக்டர் தொடர்ந்து எழுதலாம், அதில் இந்த மனிதரின் பெயரும் வர வேண்டும் என்றார்.

எலி அண்ணனுக்குப் பெயர் விஷயம் மண்டையில் ஏறிய மாதிரி தெரியவில்லை. அவருக்கு வேறு கவலை.

“அப்ப சனிக்கிழமை நான் வரலாமாம்மா?”

“வாங்கண்ணே” என்றார் டாக்டர். “இருபது கூண்டுக்கு விதை போடுங்க. இருபதுக்குப் போட வேணாம். ரெண்டையும் எழுதி வைங்க.”

எலி அண்ணன் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“எந்த இருபதுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா” என்றார். “என்னால பிரிக்க முடியாது.”